இரவில் திரை முன் கண் எரிந்தால், முதலில் அறை விளக்கைப் போடுங்கள்

வந்த கேள்வி இது: "எனக்கு வயது 38. பகலில் அலுவலகம். இரவு 10 மணிக்கு மேல் 1 மணி, 2 மணி வரை வீட்டில் மடிக்கணினியில் மொழிபெயர்ப்பு வேலை. குழந்தை அதே அறையில் தூங்குவதால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். அரை மணி நேரத்தில் கண் எரிய ஆரம்பிக்கிறது, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, கடைசியில் நெற்றிவலி. டார்க் மோட் போட்டால் எழுத்துக்குப் பின்னால் நிழல் தெரிகிறது. நீல வெளிச்சத்தைத் தடுக்கும் ப்ளூ கட் கண்ணாடி வாங்கலாமா? இப்படியே போனால் பார்வை போய்விடுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயத்தோடு மற்றதைப் படிக்க வேண்டாம். பார்வை போகாது. கணினித் திரை கண்ணைக் களைக்க வைக்கும், உலர்த்தும், தலைவலி தரும். ஆனால் வயது வந்தவர்களின் விழித்திரையையோ பார்வை நரம்பையோ அது கெடுப்பதில்லை. (குழந்தைகள் விஷயம் வேறு. எந்நேரமும் கிட்டத்தில் பார்த்துக்கொண்டு வெளியே விளையாடப் போகாத பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறுகிறது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.) கண் பரிசோதனை அறையில் 16 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி வேலை பார்க்கிறவர்கள் வாரத்துக்குப் பத்துப் பேராவது இதே தொல்லையோடு வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெரிய மருந்து எதுவும் தேவைப்படுவதில்லை.

உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. எரிச்சலும் உறுத்தலும் கண்ணீர் காய்வதால் வருபவை. நெற்றிவலி, கண்ணுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தசை ஓயாமல் இறுகியிருப்பதால். எழுத்து நிழல் தட்டுவது இருட்டால், கூடவே இதுவரை யாரும் பார்க்காத ஒரு பவராலும் இருக்கலாம். இந்த மூன்று காரணங்களில் நீல வெளிச்சம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். அழும்போது வழிவது மட்டும் கண்ணீர் இல்லை. கருவிழியின் மேல் எப்போதும் மெல்லிய ஈரப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அடியில் கொழகொழப்பான ஒரு பூச்சு, நடுவில் நீர், மேலே எண்ணெய். அந்த எண்ணெய்தான் நீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் இமை இந்தப் படலத்தைப் புதிதாகப் பூசிவிட்டுப் போகிறது.

எங்களிடம் வருகிறவர்களுக்கு இதை ஒரு சோதனையில் பார்ப்போம். ஃப்ளூரசின் என்ற ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த சின்னத் தாளைக் கீழிமைக்குள் லேசாகத் தொடுவோம். ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் தாடையை வைத்து உட்காரச் சொல்லி நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினால் கண்ணீர்ப் படலம் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். "ஒரு தடவை சிமிட்டிட்டு அப்படியே திறந்து வைங்க" என்போம். மனதுக்குள் எண்ணிக்கொண்டே பார்த்தால், ஒன்று, இரண்டு, மூன்று... அந்தப் பச்சைப் பரப்பில் கறுப்புத் திட்டுகள் தோன்றும். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை மின்விசிறிக் காற்றில் திட்டுத் திட்டாகக் காய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. நல்ல கண்ணில் முதல் திட்டு வர 10 விநாடிக்கு மேல் ஆகும். இரவெல்லாம் திரை பார்க்கிறவர்களில் பலருக்கு நான்கைந்து விநாடியிலேயே வந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 தடவை சிமிட்டுகிறோம், அதாவது நான்கு விநாடிக்கு ஒரு தடவை. திரையில் கவனமாகப் படிக்கும்போது அது ஐந்து, ஆறு தடவையாக இறங்கிவிடுகிறது, பத்து விநாடிக்கு ஒன்று. உங்கள் படலம் ஐந்து விநாடியில் உடைகிறது என்றால், அடுத்த ஐந்து விநாடி கருவிழி மூடாக்கு இல்லாமல் காற்றில் கிடக்கிறது. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று, எரியாமல் என்ன செய்யும்? மொழிபெயர்ப்பு வேலை இதில் இன்னும் மோசம். ஒரு கண் மூலத்தில், ஒரு கண் எழுதுவதில் என்று அலைவதால் கவனம் கூடும், கவனம் கூடக் கூடச் சிமிட்டல் குறையும்.

சிமிட்டினாலும் பலர் முழுசாகச் சிமிட்டுவதில்லை. மேலிமை பாதி தூரம் இறங்கிவிட்டு ஏறிவிடும். இது நான் கண்ணால் பார்ப்பது: சாயம் விட்டுப் பார்த்தால் கருவிழியின் கீழ்ப் பகுதியில் மட்டும் புள்ளி புள்ளியாகக் காய்ந்த தடம் இருக்கும். ஆகவே "அடிக்கடி சிமிட்டுங்கள்" என்பதைவிட "இமை இரண்டும் தொடும்படி சிமிட்டுங்கள்" என்றுதான் சொல்வேன். ஒரு பத்தி முடித்ததும் கண்ணை மெதுவாக மூடி, இரண்டு எண்ணி, திறங்கள். அப்படி மூன்று தடவை. நினைவு இருக்காது என்று நினைத்தால், கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள். கை அந்தப் பொத்தானுக்குப் போகும்போது கண்ணும் மூடப் பழகிவிடும்.

அப்புறம் காற்று. நம்மூர்ப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. சிவகாசியிலிருந்து ஒருவர் வந்தார். காலண்டர் வடிவமைப்பு வேலை. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி வரை அவருக்கு இரவு தூக்கம் குறைவு. வரும்போது கையில் மூன்று சொட்டு மருந்துப் புட்டிகள், மூன்றும் வேறு வேறு. "வேலை செய்யும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து காட்டுங்கள், ஃபேன் எங்கே?" என்று கேட்டேன். இடது கையை நீட்டி, முகத்துக்கு நேராக ஒரு முழத்தில் காட்டினார். கணினிச் சூட்டுக்காக மேஜை மேலேயே டேபிள் ஃபேனை வைத்திருந்திருக்கிறார். இரண்டு மாதமாக அந்தக் காற்று இடது கண்ணில் அடித்திருக்கிறது. எரிச்சலும் இடது கண்ணில்தான் அதிகம். ஃபேனைத் தரையில் இறக்கி காலுக்குத் திருப்பச் சொன்னேன். பத்து நாளில் வந்தவர் இரண்டு புட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். நீங்களும் இன்று இரவு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணிமையில் காற்று படுகிறதா என்று பாருங்கள். படுகிறது என்றால் ஃபேனையோ நாற்காலியையோ நகர்த்துங்கள். ஏசிக் காற்று முகத்தில் நேராக விழுந்தாலும் இதே கதைதான்.

சொட்டு மருந்து பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலர்ந்த கண்ணுக்கு உயவுச் சொட்டு நல்லதுதான். கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்று புட்டியில் போட்டிருக்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள், அந்த ரசாயனமே கண்ணை உறுத்தும். ஆனால் மருந்துக்கடையில் "கண் எரியுது, ஏதாவது குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு கைக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. போட்ட மறுநாளே சிவப்பு மறைந்து சுகமாக இருக்கும், அதனால் மாதக்கணக்கில் போடுவார்கள். உள்ளே கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், புரையும் வரும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. திரை பார்த்துப் பார்வை போனவரை நான் பார்த்ததில்லை. திரை பார்த்ததால் வந்த எரிச்சலுக்குத் தானாகவே ஸ்டீராய்டு போட்டுக்கொண்டு பார்வையில் ஒரு பகுதியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவருக்கு 27 வயது. கண் வெளுக்க வைக்கும் சொட்டுகளும் வேண்டாம், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும்.

வீட்டு வைத்தியம் என்றால் நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படுப்பது நம் வீடுகளில் உண்டு. குளிர்ச்சி, இருட்டு, ஓய்வு மூன்றும் கிடைக்கிறது, தாராளமாகச் செய்யலாம். பூவைக் கசக்கிச் சாறு விடுவது, பன்னீர், தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று கண்ணுக்குள் ஊற்றுவது மட்டும் வேண்டாம். கிருமி போனால் கருவிழியில் புண் வரும். உண்மையில் பலன் தருவது வெந்நீர் ஒத்தடம். நான் சொன்ன அந்த எண்ணெய், இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. சரியாகச் சிமிட்டாதவர்களுக்கு அது வெண்ணெய் மாதிரி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். துவைத்த கைக்குட்டையைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, ஆறினால் மறுபடி நனைத்து வையுங்கள். வேலைக்கு உட்காரும் முன் செய்தால் அன்றிரவே வித்தியாசம் தெரியும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

சளிக்கு, அரிப்புக்கு என்று செட்டிரிசின் போடுகிறீர்களா? அது கண்ணீரையும் வற்றச் செய்யும். முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் இன்னும் அதிகம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் இரவு வேலைக்கு அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறுங்கள்.

இனி விளக்கு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, விளக்கை அணைத்துவிட்டு உட்காருவேன் என்பதுதான். இருட்டில் கண்மணி விரியும். விரிந்த கண்மணி வழியாக வரும் ஒளியில் ஓரத்து ஒளியும் சேர்ந்து வருவதால் உருவம் கூர்மை இழக்கும். அதோடு சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் பளீரென்று ஒரு சதுரம். பார்வையை அங்கே இங்கே திருப்பும்போதெல்லாம் கண் இரண்டு உலகத்துக்கும் மாறி மாறிப் பழக வேண்டியிருக்கிறது. நடுராத்திரியில் எதிரே வரும் லாரியின் விளக்கைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது எவ்வளவு களைப்போ, அதன் சாயல் இதிலும் உண்டு.

குழந்தை தூங்கட்டும், அதற்கும் வழி இருக்கிறது. ஒரு சின்ன மேஜை விளக்கை எடுத்து, மடிக்கணினித் திரைக்குப் பின்னால், வெளிச்சம் சுவரில் விழும்படி திருப்பி வையுங்கள். 5 வாட் எல்இடி போதும். பெட்டியில் வார்ம் ஒயிட் அல்லது 2700 கெல்வின் என்று போட்ட மஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும். மேஜை சுவரை ஒட்டி இருந்தால் சுவரிலிருந்து திரும்பி வரும் மெல்லிய வெளிச்சம் உங்களைச் சுற்றி மட்டும் நிற்கும், தொட்டில் பக்கம் போகாது. பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது, திரையிலும் பிரதிபலிக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

பிறகு அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். திரை ட்யூப்லைட் மாதிரி ஒளிர்ந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள், தாளைவிட மங்கிப் பழுப்பாகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஒரே தாள் மாதிரி தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அளவுக்கு மீறிக் குறைப்பதிலும் சிக்கல் உண்டு. சில ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, ஒளியை நொடிக்கு 240 தடவை அணைத்து ஏற்றுகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். கைப்பேசியில் வெளிச்சத்தை அடிமட்டத்தில் வைத்தால்தான் தலைவலிக்கிறது என்றால் சற்றுக் கூட்டிப் பாருங்கள்.

டார்க் மோடும் இங்கேதான் வருகிறது. கறுப்புப் பின்னணியில் கண்மணி இன்னும் விரியும், வெள்ளை எழுத்து கசியும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாத குறை) இருப்பவர்களுக்கு எழுத்தோடு ஒட்டி ஒரு நிழல் எழுத்து தெரியும். நீங்கள் சொன்ன நிழல் எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. தெருவிளக்கையோ எதிர் வண்டி விளக்கையோ பார்க்கும்போது ஒரு திசையில் கோடு கோடாக நீள்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. படிக்கும் வேலைக்கு, மெல்லிய வெளிச்சமுள்ள அறையில், வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் பெரும்பாலானவர்களுக்குத் தெளிவு. பின்னணி தூய வெள்ளையாகக் கூசினால் இளம் பழுப்பு ஆக்கிக்கொள்ளுங்கள். டார்க் மோடில் சுகமாக இருப்பவர்கள் மாற்ற வேண்டாம், அது அவரவர் கண்.

தமிழில் வேலை செய்கிறவர் நீங்கள். எழுத்தின் அளவை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடப் பெரிதாக வையுங்கள். ன, ண இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சுழி, ள-வுக்கும் ன-வுக்கும் நடுவே ஒரு சின்ன வளைவு. கி, கீ வேறுபாடு தலையில் உள்ள ஒரு சுழிப்பு. 11 புள்ளி அளவில் இந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கண் ஒவ்வொரு சொல்லிலும் முனைந்து பிரிக்கும். 14, 15-க்கு ஏற்றி, வரி இடைவெளியையும் விட்டு, மெல்லிய கோட்டு எழுத்துருவை மாற்றிச் சற்றுத் தடித்ததை வைத்தால் திரையை நோக்கிக் கழுத்து நீள்வது தானாக நின்றுவிடும்.

ப்ளூ கட் கண்ணாடிக்கு வருகிறேன். கண் களைப்புக்காக வாங்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் 2023-ல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினிக் களைப்பைக் குறைப்பதில், குறுகிய காலத்தில் சாதாரணக் கண்ணாடிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றே தெரிந்தது. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமியும் இதைப் பரிந்துரைக்கவில்லை. மேகமூட்டமான பகலில் ஜன்னல் ஓரம் நிற்பதிலேயே திரை தருவதைவிடப் பல மடங்கு நீல ஒளி கண்ணுக்குள் போகிறது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் காசு செலவழிப்பதாக இருந்தால் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக்குச் செலவழிக்கலாம், பின்னால் எரியும் விளக்கு கண்ணாடியில் பட்டுக் கூசாது.

நீல ஒளிக்குச் சம்பந்தம் இருப்பது தூக்கத்தோடு. விழித்திரையில் பார்ப்பதற்கு இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பது 2002-ல்தான் உறுதியானது. அவை 480 நானோமீட்டர் பக்கத்து நீலத்துக்கு அதிகம் அசைந்துகொடுக்கும். அந்த ஒளி இரவில் நிறைய வந்தால் தூக்கத்துக்கு அழைக்கும் மெலட்டோனின் சுரப்பு தள்ளிப்போகும். அதற்கு விண்டோஸில் நைட் லைட், ஆப்பிள் கருவிகளில் நைட் ஷிஃப்ட் என்று இலவசமாகவே வசதி இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் தானாக மஞ்சளாகும்படி வைத்துவிடுங்கள். ஆனால் மஞ்சளாக்கிவிட்டு முழு வெளிச்சத்தில் வைத்தால் பயன் குறைவு, வெளிச்சத்தின் அளவும் முக்கியம்.

நெற்றிவலிக்கு வருவோம். தூரத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை தளர்ந்திருக்கும். கிட்டத்தில் பார்க்க அது இறுகி லென்ஸைக் குண்டாக்க வேண்டும். 60 செண்டிமீட்டரில் உள்ள திரைக்கு ஏறக்குறைய 1.7 டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அதே அலகு) உழைப்பு. 25 செண்டிமீட்டரில் பிடிக்கும் கைப்பேசிக்கு 4 டயாப்டர், இரண்டு மடங்குக்கும் மேல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நடுவில் இடைவெளி விடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள், "அப்போது என்ன செய்வீர்கள்?" என்றால் "ஃபோன் பார்ப்பேன்" என்கிறார்கள். மூட்டை தூக்கிக் களைத்தவர் ஓய்வுக்கு இன்னும் பெரிய மூட்டையைத் தூக்குவது அது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி என்ற விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரவில், அறைக்குள், 20 அடிக்கு எங்கே போவது? ஜன்னலைத் திறந்து எதிர்த் தெரு மாடி விளக்கையோ தண்ணீர்த் தொட்டியையோ பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கண்ணை மூடி இருபது எண்ணுங்கள், கண்ணீர்ப் படலமும் ஊறிவிடும்.

இத்தனையும் செய்து இரண்டு வாரத்தில் தலைவலி குறையவில்லை என்றால் பவர் பார்க்க வேண்டும். சொல்லப்போனால் உங்கள் விஷயத்தில் எப்படியும் பார்க்கத்தான் சொல்வேன். 38 வயதில் லென்ஸ் விறைக்கத் தொடங்கியிருக்கும், 40-ஐ ஒட்டி வெள்ளெழுத்து வரும். அது முதலில் தலைகாட்டுவது களைத்த ராத்திரியில், மங்கிய வெளிச்சத்தில்தான். அதோடு சின்ன அளவு ப்ளஸ் பவர் இளவயதில் தசையின் உழைப்பால் மறைந்தே கிடந்திருக்கும். இப்போது தசை இறுகினாலும் லென்ஸ் முன்போல் வளைந்துகொடுப்பதில்லை.

சில அறிகுறிகளுக்கு இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, திடீரென்று கறுப்புப் பூச்சிகள் நிறையப் பறப்பது, ஓரத்தில் திரைச்சீலை விழுந்த மாதிரி மறைப்பது. கடும் வலியோடு சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்து, வாந்தி வருவது. திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிவது. இவை கணினிக் களைப்பு அல்ல. அன்றே, இரவானாலும், கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சாதாரணப் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். இன்று இரவு வழக்கம்போல் உட்கார்ந்து, வேலையில் மூழ்கிய பிறகு, வீட்டில் யாரையாவது இஞ்ச் டேப்பால் உங்கள் கண்ணிலிருந்து திரை வரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களாக அளந்தால் நிமிர்ந்துவிடுவீர்கள், கணக்குத் தப்பும். வழக்கமாகப் படிப்புக் கண்ணாடிக்கு 40 செண்டிமீட்டரில் வைத்துத்தான் பவர் பார்ப்பார்கள். உங்கள் திரை 58-ல் இருந்தால் அந்தக் கண்ணாடி உங்களைத் திரையை நோக்கி இழுக்கும், கழுத்தும் சேர்ந்து வலிக்கும். அளந்த எண்ணைத் தாளில் எழுதி எடுத்துப் போய், "நான் வேலை செய்யும் தூரம் இது, இதற்குப் பாருங்கள்" என்று உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள்.